ஒரு டீ நேரத்துச் சார்ஜ்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டாவது டிரையர் மறுபடியும் மக்கர். எல்லா வார்டுப் போர்வையையும் ஒரே டிரையரில் பிரித்துப் பிரித்துப் போட்டு எடுத்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்த பிறகுதான் செருப்பையே கழற்றவில்லை என்று தெரிந்தது.

என் போனைச் சார்ஜில் போட்டேன். அவர் போனையும் போட்டேன். அதில் யாரும் கூப்பிடுவதில்லை, யாரும் அதைத் தொடுவதுமில்லை. ஆனாலும் தினம் போடுகிறேன். ஜனவரியில் அவர் போன பிறகும் இந்தக் கைப்பழக்கம் மட்டும் போகவில்லை. வேலை விட்டு வந்ததும் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்து, "இதுக்குத் தீனி போடு" என்பார்.

எப்போது பார்த்தாலும் நிறைந்திருக்கிறது என்றே காட்டுகிறது. பசிக்காத பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

மகள் கூப்பிட்டாள். வெளியூரில் மருந்துக்கடையில் வேலை, விடுதியில் தங்கல். முன்பெல்லாம் "சாப்ட்டியாம்மா" என்று ஆரம்பிப்பாள். இப்போது எடுத்ததும், "போன்ல எவ்வளவு இருக்கு?"

"பாதிக்கு மேல இருக்கும்டி."

"இருக்கும்னா? பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றது. என்னவோ ஏதோ என்று நான் எழுந்து நிற்பதற்குள் அவளே திரும்பக் கூப்பிட்டாள். "ஒண்ணுமில்ல, பேட்டரி மாத்தினேன்."

அவளிடம் இருப்பது மூடின போன். பேட்டரியை உள்ளேயே வைத்து ஒட்டியிருப்பார்களே, அது. அதில் எதை மாற்றுவாள்? விடாமல் கேட்டேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னாள். அப்பாவின் பழைய போனைத்தான் வைத்திருக்கிறாள். நகத்தை விட்டு நெம்பினால் பின்மூடி கழன்று வரும், அந்தப் போன். அவர் ஒரு உதிரிப் பேட்டரி வைத்திருந்தார். இவள் இன்னும் இரண்டு வாங்கியிருக்கிறாளாம். எல்லாவற்றையும் சார்ஜ் ஏற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறாள். ஆசைப்பட்டு வாங்கின சொந்தப் போன் பெட்டிக்குள் கிடக்கிறது.

"ஏண்டி இப்படி?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. எனக்குத் தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

எழுதினால்தான் தெளியும் போலிருக்கிறது.

போன வருஷம் மகள் தன் சம்பளத்தில் அவருக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். "பெரிய பேட்டரிப்பா, ரெண்டு நாள் தாங்கும். உதிரியைத் தூக்கிட்டு அலைய வேணாம்." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெயிண்ட் கம்பெனியில் பார்க்கிறவனிடமெல்லாம் காட்டினார்.

ஜனவரியில், வேலை முடிந்து கம்பெனிக்கு எதிரே பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சு என்றார்கள். எனக்குத் தகவல் சொன்னது கம்பெனி ஆபீஸ். அவர் போன் அணைந்து கிடந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று யாரோ சொல்லி எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினபோது நாத்தனார் சுவரில் மோதிக்கொண்டு அழுதாள். அழுகிற வாயோடு சொன்னாள்: "அந்தப் பழைய போனா இருந்தா எங்கண்ணன் பேட்டரியை மாத்திப் போட்டு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்குமே. மூடின போனை வாங்கிக் கொடுத்து வாயை மூடிட்டாங்களே."

மகள் கதவை ஒட்டி நின்றிருந்தாள். கேட்டாள். அவள் கேட்டதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவள் அந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் ஒரு நாள் கூட நிலைக்க மாட்டேன் என்கிறாள். அவர் போன் இருக்கிற பக்கம் திரும்புவதே இல்லை.

சார்ஜ் இருந்ததா, இல்லையா? அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தது என்றால் பிள்ளை அந்தப் பாரத்தை இறக்கி வைப்பாள். இல்லை என்றால் — இல்லை என்றால் அப்போது பார்ப்போம்.

மார்ச் 8, ஞாயிறு

கெட்டிக்காரி நான்.

ஆஸ்பத்திரியில் அவர் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், பணப்பை, போன். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை என்ன? அவரைப் படுக்க வைத்தார்கள். நான் போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். தினம் செய்கிற மாதிரியே. கூடத்தில் அவர் அப்படிக் கிடக்கிறார், நான் வயரைச் செருகிக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எரிந்திருந்தால் சார்ஜ் இருந்தது, எரியாவிட்டால் இல்லை. இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? இருந்த ஒரே சாட்சியை நானே தீனி போட்டு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

வேலை விட்டு வரும் வழியில் போன் டாக்டரிடம் போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிர் வரிசையில் கடை வைத்திருக்கிற பெண். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி மாட்டியிருப்பாள், எங்கள் டாக்டர்களை விட அதிகமாக அவளிடம்தான் கூட்டம். அதனால் அந்தப் பெயர்.

விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கப்புறம் சார்ஜ் போட்டீங்களாக்கா?"

"தினம் போடறேன்."

"சாப்ட்ட தட்டைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு, அன்னைக்கு இதுல என்ன இருந்துச்சுனு கேக்கறீங்களே."

அவள் சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று.

தினமும் நிறைய நிறையத் திணிக்காதீர்கள் என்றாள். சும்மா வைக்கிற போன் பாதி வயிற்றோடு இருந்தால் போதுமாம். எப்போதும் நிறைத்தே வைத்தால் சில பேட்டரி உப்பிக்கொள்ளும். அதைக் காட்டுவதற்காக ஒரு பழைய கழற்றுகிற பேட்டரியை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து விரலால் சுண்டினாள். பம்பரமாகச் சுற்றியது. "வீங்கினது. அதான் சுத்துது." இன்னொன்றைச் சுண்டினாள். அது அசைவேனா என்று படுத்திருந்தது. "இது நல்லது."

"மூடின போன்ல எப்படிச் சுத்திப் பாக்கறது?"

"முடியாது. முதுகு தூக்கினாத்தான் தெரியும்."

பிறகு எதற்கு மூடினார்கள் என்று கேட்டேன். அவளுக்கு அன்று கூட்டமில்லை, உட்கார வைத்துச் சொன்னாள். கழற்றுகிற பேட்டரிக்குத் தனியாகத் தடித்த ஓடு வேண்டும், மூடி வேண்டும், மூடிக்குக் கொக்கி வேண்டும். அந்த இடத்தையெல்லாம் பேட்டரிக்கே கொடுத்தால் பெரிதாக வைக்கலாம், போனும் மெலிசாகும். தண்ணீரும் சுலபத்தில் போகாது.

"அப்போ நல்லதுக்குத்தானா?"

"நல்லதுக்கும்தான். பேட்டரி கெட்டா நீங்களே மாத்திக்க முடியாது, எங்கிட்ட வரணும். இல்லேன்னா புதுப் போன் வாங்கணும். அதுவும்தான்."

திறந்து கிடந்த ஒரு போனைக் காட்டினாள். உள்ளே முக்கால்வாசியும் பேட்டரிதான். கறுப்பாக, தட்டையாக, பசையில் ஒட்டிக்கொண்டு. மற்றதெல்லாம் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தன. இதைத்தான் இவ்வளவு நாள் கையில் பிடித்துக்கொண்டிருந்தோமா?

மார்ச் 11, புதன்

இன்று அவர் போனைச் சார்ஜில் போடவில்லை. கை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தது.

மார்ச் 13, வெள்ளி

போர்வை மடிக்கும்போது சலவைக்கூடத்தில் இந்தப் பேச்சை நானே எடுத்துவிட்டேன். எது நல்லது, உள்ளேயே பெரிதாக ஒன்றா, கழற்றி மாட்டச் சின்னதாக இரண்டா?

எங்கள் இஸ்திரி அண்ணன் கழற்றுகிற கட்சி. "உதிரி வச்சிருக்கிறவன் எங்க வேணாலும் போவான். மூடின போன்காரன் எங்க போனாலும் சுவத்தைத் தேடுவான். கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாரு, பாதிப் பேரு பிளக்குப் பக்கத்துலயே நிக்கிறான்."

ரேடியோ விடவில்லை. வாய் ஓயாது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். "எங்க மாமியாருக்கு உங்க கட்சிப் போன்தான். கையிலேருந்து விழுந்தா மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் கட்டிலுக்கு அடியில. மூணையும் பொறுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நான்."

"உதிரின்னா ஒரு தைரியம்மா."

"தைரியத்துக்கு ரெண்டு வயிறு வச்சுக்க வேண்டியதுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அண்ணன் சொன்ன தைரியம் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. உதிரி பையில் இருக்கிறது என்றால் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் மகள் அப்படித்தான் இருக்கிறாள். அவர் அந்தப் பெரிய பேட்டரிப் போனை வாங்கின பிறகு சார்ஜைப் பற்றி நினைத்ததே இல்லை. மறந்து கிடப்பதும் ஒரு சுகம்தான் போலிருக்கிறது. அந்தச் சுகத்தைத்தான் இவள் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தாள். இது அவளுக்குத் தெரியுமா?

மார்ச் 16, திங்கள்

ஒன்று தோன்றியிருக்கிறது.

இன்று பிரசவ வார்டுத் துணி வந்தது. ஒரு மூட்டை பிழிந்தது, ஒரு மூட்டை பிழியாதது. யார் கலந்தார்கள் என்று தெரியவில்லை, தொட்டுப் பார்க்காமல் டிரையரில் போட்டுவிட்டேன். முதல் மூட்டை சீக்கிரமே காய்ந்து வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, அதுதான் பிழிந்தது. துணி எவ்வளவு ஈரமாக உள்ளே போனது என்று நான் பார்க்க வேண்டாம். காய எடுத்த நேரத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

போனும் அப்படித்தானே. காலியாக இருந்து நிறையவும் நேரம் வேண்டும், பாதியிலிருந்து நிறையவும் நேரம் வேண்டும். இரண்டும் ஒரே நேரம் ஆகாது. அன்றைக்கு அது எவ்வளவு நேரம் சார்ஜில் இருந்தது? பிறகு எவ்வளவு நேரம் ஓடியது?

அன்றைக்கு நடந்ததெல்லாம் எனக்குக் கலங்கலாக இருக்கிறது. நாத்தனாரிடம்தான் கேட்க வேண்டும். அவள் அழுதுகொண்டே ஊரையே கவனிப்பவள்.

மார்ச் 18, புதன்

நாத்தனாரிடம் பேசினேன். எதற்கு என்று முதலில் சொல்லவில்லை.

"சார்ஜ் போட்டீங்களே அண்ணி, ஞாபகம் இருக்கு. நான் உடனே அடுப்படிக்குப் போயிட்டேன். வந்தவங்களுக்கு டீ போட. பெரிய பாத்திரத்துல ஒரு தடவை போட்டு ஊத்திக் கொடுத்து முடிக்கிறேன், குளிர்பெட்டிக்காரன் வந்துட்டான். பிளக் எங்கனு கத்தினான். இருக்கிறதே அந்த ஒண்ணு. உங்க அடுப்படிப் பிளக்தான் கருகிக் கிடக்குதே. போன் வயரைப் பிடுங்கிப் போட்டுட்டு அவன் பெட்டியை மாட்டினான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உங்க மக அந்தப் போனை எடுத்துத்தான் அண்ணனோட ஆளுங்களுக்கெல்லாம் சொன்னா. நம்பர் எல்லாம் அதுலதானே. ராத்திரி பூரா சொன்னா. நானும் அதுலதான் எங்க வீட்டுக்குப் பேசினேன். மறுநாள் மதியம் தூக்கற வரைக்கும் அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"நடுவுல யாராவது சார்ஜ் போட்டீங்களா?"

"எங்க போடறது? ஒரே ஓட்டை, அதுலதான் அண்ணன் பெட்டி." பிறகுதான் கேட்டாள்: "ஏன் அண்ணி கேக்கறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை வா என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், மறந்துவிடக் கூடாது.

சார்ஜ் முழுசாகத் தீரட்டும் என்று நேற்றே அவர் போனில் டார்ச்சை எரியவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். காலையில் கறுப்பாகக் கிடந்தது. அழுத்திப் பார்த்தேன், உயிரில்லை. பயமாக இருந்தது, ஆனாலும் விட்டேன்.

நாத்தனார் வந்தாள். எதற்கு என்று சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. "நான் மனசு ஆறாம சொன்னதை நீங்க இத்தனை நாள் தூக்கி வச்சிருக்கீங்களா அண்ணி?"

"நான் தூக்கலை. உன் மருமக தூக்கி வச்சிருக்கா."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு எடுத்த அதே பெரிய பாத்திரம். எத்தனை பேர் இருந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணி, அத்தனை பேருக்குத் தண்ணீர் பிடித்தாள். நான் கூடத்தில் போனைச் செருகினேன், அதே பிளக்கில். "போட்டாச்சா?" "போட்டாச்சு." அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு டீ. கொதிக்க எவ்வளவு நேரம். அவள் கரண்டியோடு நின்றபடி, "அன்னைக்கு இவ்வளவு நேரம் ஆகலியோ? பால் காய்ச்சித்தான் இருந்துச்சோ?" என்றாள். எது சந்தேகமாக இருந்தாலும் நேரத்தைக் கூட்டியே வைப்போம் என்றேன். போனுக்குச் சாதகமாகக் கூட இருக்கட்டும். அவள் டம்ளர் டம்ளராக ஊற்றி, அன்றைக்குக் கொடுத்த மாதிரியே கூடத்தில் சுற்றி வைத்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள், இங்கே நின்றவர்கள். கடைசி டம்ளரை, அவர் தலைமாட்டில் இருந்த மூத்தவருக்குக் கொடுத்த இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப வந்தான் பெட்டிக்காரன்."

வயரைப் பிடுங்கினேன். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். எரிந்தது. பதினாலு என்று காட்டியது. நூற்றுக்குப் பதினாலு.

"இதை வச்சு ஒரு ராத்திரியும் மறுநாள் மதியமும் ஓடுமா?" என்றேன்.

"ஓட்டிப் பாப்போம்."

அவளே வாங்கிக்கொண்டாள். மூத்த மகளுக்குப் போட்டாள். சின்ன மகளுக்குப் போட்டாள். சம்பந்திக்குப் போட்டு, தீராத ஒரு பழைய வழக்கை மறுபடி எடுத்துப் பேசினாள். நான் டம்ளர் டம்ளராக அண்டை வீடுகளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். போனுக்கு வைத்தியம் என்றேன்.

வாசல் விளக்குப் போடுகிற நேரம் கூட ஆகவில்லை. சம்பந்தியிடம் "இன்னொண்ணு கேளுங்க" என்று ஆரம்பித்தவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கறுப்பு.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ராத்திரியே வரலை அண்ணி," என்றாள்.

"ஆமா."

"அப்போ அன்னைக்கு உள்ள நிறைய இருந்திருக்கு."

"ஆமா."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எந்த வாயால சொன்னேனோ அதே வாயால தீத்தேன்."

மார்ச் 23, திங்கள்

தூக்கம் வரவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே?

சார்ஜ் இருந்திருக்கிறது. அப்படியென்றால் ஏன் அணைந்து கிடந்தது? ஏன் என்னைக் கூப்பிடவில்லை? வலி வந்திருக்குமே, கொஞ்சம் முன்னாடியே தெரிந்திருக்குமே. போனை எடுக்கத் தோன்றவில்லையா. என்னைத் தோன்றவில்லையா.

பேட்டரிமேல் பழி போட்டுவிட்டு இருந்திருக்கலாமோ. இதை இப்படியே மகளிடம் சொன்னால், ஒரு முள்ளை எடுத்துவிட்டு இன்னொன்றைக் குத்தினதாக ஆகும்.

சொல்லப்போவதில்லை. முழுசாகத் தெரியும் வரை.

மார்ச் 26, வியாழன்

லீவு போட்டுவிட்டுப் பெயிண்ட் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் எப்போதும் இருக்கிற காவல்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வா தங்கச்சி" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அன்றைக்கு அவர் பக்கத்தில் இருந்தது இவர்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவருக்குப் பின்னால் சுவரில் புறாக்கூண்டு மாதிரி அறை அறையாக ஒரு மரச்சட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு போன். எல்லாம் அணைந்து கிடந்தன. உள்ளே பெயிண்டைக் கரைக்கிற தின்னர் கிடங்கு, ஒரு பொறி பட்டால் காற்றே தீப்பிடிக்கும். எந்தப் போனும் உயிரோடு உள்ளே போகக் கூடாது. முன்பு பேட்டரியை மட்டும் கழற்றி இங்கே வைத்துவிட்டு வெறும் போனோடு போவார்களாம். மூடின போன் வந்த பிறகு முழுப் போனையும் அணைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அணைந்து கிடந்தது என்றால் இதுதான். கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"வெளிய வந்ததும் போட மாட்டாங்களா அண்ணே?"

"மத்தவங்க போடுவாங்க. உன் வீட்டுக்காரன் போட மாட்டான். கூண்டுலேருந்து எடுத்து அப்படியே பைக்குள்ள. பஸ்ல ஏறித்தான் அமுக்குவான். 'அது கண்ணைத் தொறக்கறதுக்குள்ள எனக்கு சீட்டு கிடைச்சுடும்'பான்."

எனக்கு அவர் குரலே கேட்டது.

பிறகு நான் கேட்காமலே சொன்னார். அன்றைக்கு அவருக்கும் வேலை முடிந்து இரண்டு பேரும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காவல்காரர் புதுப் பல்செட் மாட்டிய முதல் வாரம். "என்னையப் பாத்து, 'அண்ணே, நீங்க சிரிக்கிறீங்களா, பல்லு தனியா சிரிக்குதா'ன்னு கேட்டான். கேட்டுட்டு அவனே சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே என் தோள்ல சாஞ்சான். நான் நடிக்கிறான்னு நெனச்சுத் தள்ளிவிட்டேன் தங்கச்சி. தள்ளிவிட்டதுக்கப்புறம்தான்..."

அவர் சாய்ந்த தோளைத் தொட்டுக் காட்டினார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. கை பைக்குப் போகவே இல்லை. நேரமே கொடுக்கலை அவனுக்கு."

என் நம்பருக்காக அவர் பையிலிருந்து போனை எடுத்து அமுக்கியதாகச் சொன்னார். அமுக்கினது எரியவில்லை. ஓடிப்போய்க் கேட்டில் இருக்கிற கம்பெனிப் போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, போனில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது என்று இவர்தான் சொல்லியிருக்கிறார்.

"எப்படி அமுக்கினீங்க?"

காட்டினார். டக்கென்று ஒரு தட்டு. காவல்காரரின் சொந்தப் போனுக்கு அந்தத் தட்டு போதும் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் போனை அணைத்து வைத்திருந்தால் நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது எதற்கு.

பெஞ்சைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

மகளிடம் சொன்னேன். டீயும் பதினாலும் கூண்டும் எல்லாம்.

"நீ எனக்காகச் சொல்றம்மா."

"உனக்காகக் கண்டுபிடிச்சேன். சொல்றது உள்ளதைத்தான்."

"எனக்கு ஆறுதலா இருக்கணும்னு ஒரு கதை பண்ணியிருக்க." வைத்துவிட்டாள்.

என் வார்த்தையில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது அவளுக்கு.

மார்ச் 29, ஞாயிறு

நாத்தனார் கிளம்பி வந்தாள். "நம்பரைப் போடுங்க" என்றாள். போட்டுக் கொடுத்தேன். கூடத்து நடுவில் நின்றுகொண்டு பேசினாள்.

"அத்தைடி. வைக்காத. வச்சா நேர்ல வந்து நிப்பேன்... ஆமா, நான்தான் சொன்னேன். எங்கண்ணன் செத்துக் கிடக்குது, எனக்கு யாரையாவது கடிக்கணும், பக்கத்துல உன் போன் இருந்துச்சு, அதைக் கடிச்சேன். அது உன்மேல பட்டுச்சு... இல்லடி, உங்கம்மா கதை கட்டலை. நான் அத்தனை பேருக்கு டீ போட்டேன், தெருவே குடிச்சுது. சம்பந்திகிட்ட மறுபடி சண்டையே வந்துருச்சு இந்த ஆராய்ச்சியால... நீயே யோசி. ராத்திரி பூரா யார் பேசினது? நீதானே. எதுல பேசின? சார்ஜ் இல்லாத போன்லயா?"

நாத்தனார் போனை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா." மூக்கடைத்த குரல். "நான்தான் பேசினேன், இல்ல?"

"நீதான் கண்ணு."

"அது எனக்குத் தோணவே இல்லம்மா."

எனக்கும் தோன்றவில்லை, இத்தனை நாள். பிறகு கேட்டாள், "அந்தக் காவல்காரர் சொன்னதை மறுபடி சொல்லு. பல்லு விஷயம்."

சொன்னேன்.

"அப்பா சிரிச்சுக்கிட்டா இருந்தாரு?"

"சிரிச்சுக்கிட்டுத்தான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஏப்ரல் 2, வியாழன்

டிரையர் வந்துவிட்டது. புதுசு. கதவைத் திறந்தால் பாடுகிறது. ரேடியோவுக்குப் போட்டி.

ஏப்ரல் 9, வியாழன்

இப்போது அவர் போனை நானே வேலைக்கு எடுத்துப் போகிறேன். போன் டாக்டரிடம் காட்டினேன், முதுகு தூக்கவில்லை, நல்லா இருக்கு என்றாள். எது நல்லது, மூடினதா கழற்றுகிறதா என்று அவளிடமும் கேட்டேன். "எது கெட்டாலும் எனக்கு வேலை" என்றாள். நியாயம்தான்.

நானே வாங்குவதாக இருந்தால் எதை வாங்குவேன்? இன்னும் முடிவு செய்யவில்லை. பெரிதாகவும் இருந்து, நகத்தால் நெம்பினால் கழன்றும் வந்தால் நன்றாக இருக்கும். அப்படி ஏன் செய்வதில்லை என்று அடுத்த தடவை கேட்க வேண்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் மகளைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. மதியம் ஒரு தடவை போட்டேன், அதேதான். தலையணை உறைகளைத் தைத்து முடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் படுத்து ஒரு தூக்கம் தூங்கி எழுந்தேன்.

பொழுது சாயும்போது கூப்பிட்டாள். விடுதிப் பெண்களோடு கடற்கரைக்குப் போயிருந்தாளாம். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது, இவளும் பாதி அவர்களிடம் பேசிக்கொண்டே என்னிடம் பேசினாள்.

"காலையிலயே செத்துடுச்சும்மா போன். நான் பாக்கவே இல்ல, உதிரியும் எடுத்துட்டுப் போகல, இப்ப ரூமுக்கு வந்துதான் போட்டேன். நீ கூப்ட்டியா?"

"ரெண்டு தடவை."

"பயந்துட்டியா?"

"இல்ல. தூங்கிட்டேன்."

மணலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அலை பெரிதா என்று கேட்டேன். முட்டி வரைக்கும் வந்தது என்றாள்.